கை வீசினால் கிலோமீட்டர்

எங்கள் அடுக்ககத்தில் போன தை மாதம் நடைப் போட்டி வைத்தார்கள். தினமும் எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கையில் கட்டிய பட்டை காட்டுவதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மாதக் கடைசியில் அதிக தூரம் சேர்த்தவருக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், நாலு அடுக்கு. வென்றவர் மூன்றாம் மாடி மாமி. மூட்டு வலியால் மொட்டை மாடிக்கு வடாம் காயப்போடக்கூட ஏறாதவர். அவருடைய பட்டை மாதம் முழுக்கப் பேரன் கையில் இருந்தது. பேரன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான், வேகப்பந்து வீச்சு. எனக்கு மூன்றாவது இடம். சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

சோப்பு டப்பாதான் என்றாலும் அதைச் சம்பாதித்த வித்தையை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. நடந்து தூரம் சேர்ப்பது பழைய முறை. வியர்க்கும், செருப்புத் தேயும், நாய் துரத்தும். இங்கே நான் சொல்லப்போவது அந்தத் தொந்தரவுகள் இல்லாத வழி.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கால் இருப்பதே பட்டைக்குத் தெரியாது. அது இருப்பது மணிக்கட்டில். உள்ளே ஆக்ஸலரோமீட்டர் என்று அரிசி அளவில் ஒரு சில்லு. மூன்று திசைகளிலும் கை எப்படிக் குலுங்குகிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். சீரான குலுக்கல் வரிசையாகச் சில வந்தால், ஆசாமி நடக்கிறார் என்று முடிவுகட்டி எண்ணத் தொடங்கும். அந்த எண்ணிக்கையை ‘ஓர் அடிக்கு இத்தனை சென்டிமீட்டர்’ என்ற இன்னொரு ஊகத்தால் பெருக்கும். வந்த விடைதான் தூரம். ஊகத்தை ஊகத்தால் பெருக்கி, 3.65 கி.மீ. என்று இரண்டு தசம இடம் வரைக்கும் காட்டும். அந்த 5-க்கு என்ன அர்த்தம் என்று கேட்கக் கூடாது. ஜோசியரிடம் கேட்கிறோமா?

ஓர் அடி எத்தனை சென்டிமீட்டர் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்ன உயரத்திலிருந்து. பரவலாகப் புழங்கும் வாய்ப்பாடு இது: ஆணானால் உயரத்தை 0.415-ஆல் பெருக்கு, பெண்ணானால் 0.413. என் உயரம் 170 செ.மீ. ஓர் அடி 70 செ.மீ. சொச்சம். பத்தாயிரம் அடிக்கு 7 கிலோமீட்டரும் ஒரு 50 மீட்டரும். இப்போது செயலியைத் திறந்து உயரத்தை 180 என்று மாற்றுங்கள். அதே பத்தாயிரம் அடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர். பத்து சென்டிமீட்டர் பொய்க்கு 415 மீட்டர் லாபம், அதுவும் தினமும். பெண் பார்க்கப் போகும்போது தரகர் உங்களுக்கு இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னாரே, அதே பொய்தான். அன்றைக்கு அது ஒரு தடவை பயன்பட்டது. இன்றைக்குத் தினசரி வட்டி தருகிறது.

(பத்தாயிரம் என்ற எண்ணே எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? டாக்டர் சொல்லி வந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘மன்போ-கெய்’ என்று பெயர். பத்தாயிரம் அடி காட்டி என்று பொருள். விளம்பரத்துக்கு வைத்த பெயர்தான் அரை நூற்றாண்டாக நம்மைத் தெருவில் ஓட்டிக்கொண்டிருக்கிறது.)

அடுத்த பாடம், மெதுவாக நடப்பது. இதை என் வீட்டு உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். காலையில் நானும் மனைவியும் ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடிப் பூங்காவுக்குப் போவோம். ‘ஒரு சுற்று 300 மீட்டர்’ என்று அங்கே பலகை உண்டு. பத்துச் சுற்று என்பது கணக்கு. அவள் 152 செ.மீ.; விறுவிறுவென்று போவாள். எனக்கு முழங்கால் சரியில்லை. சின்னச் சின்ன அடியாக வைத்து, பூவரச மரத்தடியில் ஒரு பெருமூச்சும் விட்டு, பின்னால் தொங்கிக்கொண்டு போவேன். பத்துச் சுற்று முடிந்ததும் இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவளுடையது 2.85. என்னுடையது 3.65.

“என்னங்க இது, நான் முன்னாடி போனேன், நீங்க பின்னாடி வந்தீங்க. எப்படி உங்களுக்கு 800 மீட்டர் அதிகம்?”

நியாயமான கேள்வி. விடை எளிது. முழங்கால் புண்ணியத்தில் என் அடி உண்மையில் 58 செ.மீ.தான். மூன்று கிலோமீட்டருக்கு 5,172 அடி வைத்திருக்கிறேன். பட்டையோ ஒவ்வொன்றையும் 70 சொச்சமாக நினைத்துப் பெருக்கியிருக்கிறது. அவள் அடி 66. பட்டை அவளுக்குக் கொடுத்தது 63-க்கும் குறைவு. குள்ளமானவர் எட்டி நடந்தால் நஷ்டம், உயரமானவர் தேய்த்து நடந்தால் லாபம். எனவே வாசகர்களே, சோம்பல் இங்கே குறையல்ல, முதலீடு. ரொம்பவும் மெதுவாகப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான். கை குலுங்குவதே தெரியாத அளவுக்கு ஊர்ந்தால் பட்டை உங்களைச் சோபாவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

இனி கையின் சங்கதி. கை வீசாமல் எடுத்த அடி எடுக்காத அடி. ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் பால் பாக்கெட், கக்கத்தில் குடை என்று கடைத்தெருவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாலு கிலோ வெங்காயத்தைச் சுமந்து நீங்கள் வைத்த அடிகளில் பாதி கணக்குக்கே வராது. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தாலும், குழந்தை வண்டியைத் தள்ளினாலும், டிரெட்மில்லில் விழுந்துவிடுவோமென்று கம்பியைப் பற்றிக்கொண்டாலும் இதே கதி. என் யோசனை: பையை மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடங்கள். ஏன் என்று கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கும்பிட்ட கையோடு பிராகாரம் சுற்றினால் கிலோமீட்டர் கிடைக்காது. நூற்றெட்டுச் சுற்று சுற்றினாலும் கை நெஞ்சோடு நெஞ்சாக அசையாமல் இருக்கிறதே, பட்டை என்ன செய்யும்? அடிப்பிரதட்சிணம் என்றால் கணக்கு வேறு. பாதத்தோடு பாதம் ஒட்டி வைக்கும் அந்த அடி ஒரு சாண் சொச்சம்தான். ஆனால் பட்டை எண்ணினால் ஒவ்வொன்றுக்கும் 70 செ.மீ. தரும். ஒரு சுற்று மூன்று சுற்றாகப் பெருகும். எண்ண வைப்பதுதான் கஷ்டம். கும்பிடாமல் கை வீசிக்கொண்டு அடிப்பிரதட்சிணம் செய்து பார்த்தேன். குருக்கள் பார்த்த பார்வையில் இரண்டாவது சுற்றுக்குத் தைரியம் வரவில்லை.

நடக்காமலே சேர்க்கும் துறைக்கு வருவோம். இதில் சமையலறைக்கு ஈடில்லை. சப்பாத்தி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்குவது எல்லாம் சீரான அசைவுகள். துருவுகிற கையில் பட்டையைக் கட்டிக்கொண்டால் ஓர் அவியல் சமைப்பதற்குள் தெருக்கோடி வரை போய்வந்த தூரம் சேரும். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதற்கும் உண்டு. மேடுபள்ளச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினால் சில பட்டைகள் அதையும் நடையென்று நம்பிவிடும். நம் மாநகரச் சாலைகளால் விளையும் நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் என் அனுபவத்தில் முதலிடம் மார்கழிக் கச்சேரிக்குத்தான். பட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். தொடையில் தாளம் போடுங்கள், அடக்கமாக இல்லை, தோளிலிருந்து. விளம்ப காலத்துக்குப் பட்டை மசியாது. துரித காலம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் எழுந்து போகிறார்களே, அவர்கள் தாங்கள் எவ்வளவு கிலோமீட்டரை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அறியாதவர்கள். போன வருடம் ஒரு கச்சேரி முடிந்து பார்த்தபோது நான் ஒன்றேகால் கிலோமீட்டர் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரரும் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் தாளத்தில் பாதி அவர் தொடையில் விழுந்திருக்கிறது.

“இதெல்லாம் மலிவுப் பட்டைக்கு. என்னுடையதில் ஜி.பி.எஸ். இருக்கிறது” என்று சிலர் மார்தட்டுவார்கள். இருக்கட்டும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பிடித்தால்தான் நீங்கள் நிற்கும் இடம் அதற்குப் புரியும். வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் அப்படி இப்படி இருக்கும். மரமும் உயரமான கட்டடமும் சூழ்ந்தால் சமிக்ஞை சுவரில் மோதித் திரும்பி வந்து இன்னும் குழப்பும். எங்கள் பூங்காவில் நான் நடந்த பாதையை வரைபடத்தில் பார்த்தேன். மதில் சுவரை ஊடுருவி, பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டு வழியாகப் போய், குளத்தின் நடுவில் நடந்து கரையேறியிருக்கிறேன். ஏசுநாதருக்குப் பிறகு நான்தான்.

இதிலும் லாபம் பார்க்க வழி உண்டு. நேரான சாலையில் நீங்கள் நேராகப் போனாலும் ஜி.பி.எஸ். உங்களை வலப்புறமும் இடப்புறமுமாகத் தள்ளாட வைத்து, அந்தத் தள்ளாட்டத்தையும் தூரத்தில் சேர்க்கும். டாஸ்மாக்கிலிருந்து வருகிறவர் வீடு தூரமாக இருக்கிறது என்று சொல்வதில் உள்ள நியாயம்தான் இது. சின்ன வட்டமாகச் சுற்றினால் எதிர்மாறு: சில விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைப்பதால் வளைவுகளை அறுத்துவிடும், தூரம் குறையும். ஆகவே பூங்காவை விட்டு மரீனா அணுகுசாலைக்குப் போங்கள். போய் நடக்கச் சொல்லவில்லை. ‘வாக்கிங்’ பொத்தானை அழுத்திவிட்டு டீக்கடையில் உட்காருங்கள். ஐந்து மீட்டர் பிழை உங்களை பெஞ்சைச் சுற்றிச் சுற்றி அலைக்கழிக்கும். டீ ஆறுவதற்குள் கொஞ்சம் தேறும்.

என் தங்கை மகன் மாரத்தான் ஓடுகிறவன். ஒவ்வொரு பந்தயமும் முடிந்ததும் “மாமா, நம்மை ஏமாத்திட்டாங்க, கடிகாரத்துல 42.7 காட்டுது” என்பான். பந்தயப் பாதையை அளப்பவர்கள் சைக்கிள் சக்கரத்தில் எண்ணும் கருவி மாட்டி, வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். பிறகு பாதை குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் போடுவார்கள். இவன் தண்ணீர் மேசைக்கு ஒரு தரம், கேமராவுக்கு ஒரு தரம் என்று சாலையின் குறுக்கே ஓடினால் கூடத்தானே செய்யும்? ஆனால் அவனிடம் நான் அதையெல்லாம் சொல்வதில்லை. “கடிகாரம் 42.195 காட்டின இடத்திலேயே நின்னுடுடா. முடிவுக்கோடு வேணும்னா உன்கிட்ட வரட்டும்” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பல செயலிகளில் உங்கள் அடியின் நீளத்தை நீங்களே பதிய ஓர் இடம் இருக்கும். தப்பித்தவறி அந்தப் பக்கம் போகாதீர்கள். 400 மீட்டர் ஓடுதளத்தில் முதல் தடத்தில் ஒரு சுற்று வழக்கம்போல் நடந்து, அடிகளை வாய்விட்டு எண்ணி, 400-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பதிந்துவிட்டால் பட்டை உண்மைக்குப் பக்கத்தில் வந்து தொலையும். அப்புறம் போட்டியில் சோப்பு டப்பாகூடக் கிடைக்காது. பதிந்தே தீருவேன் என்றால், முதல் தடத்தில் நடந்துவிட்டு எட்டாவது தடத்தின் நீளத்தைக் கொண்டு கணக்குப் போடுங்கள். அது 453 மீட்டருக்கும் மேல். நூற்றுக்குப் பதின்மூன்று கூடுதல்.

எங்கள் வீட்டிலிருந்து பரங்கிமலை தெரியும். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியது அதன் அடிவாரத்தில்தான். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று திரும்பி வந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளுமே என்று கூடாரம் போட்டு நிழலில் கிடத்தி, சூட்டைப் பார்த்துப் பார்த்து, ஏழரை மைலை அளக்க 57 நாள் ஆயிற்று. நான் காப்பிக்கு முன்னாலேயே அதில் கால்வாசியை அளந்துவிடுகிறேன், சமயத்தில் எழுந்திருக்காமலே. ஹிமாலயத்தைத் தாண்டித் திபெத்துக்கு அனுப்பப்பட்ட நயின் சிங் இன்னும் பாவம். மைலுக்கு 2,000 அடி என்று காலைப் பழக்கிக்கொண்டு, ஜபமாலையில் 108-க்குப் பதில் 100 மணி கோத்து, நூறு அடிக்கு ஒன்றாக உருட்டி லாசா வரை எண்ணிக்கொண்டே போனார். 1877-இல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. தை மாதப் போட்டியில் இருந்திருந்தால் மாமியின் பேரனுக்குப் பின்னால்தான் அவர் வந்திருப்பார்.

மனைவி இப்போது பட்டை கட்டுவதில்லை. சார்ஜில் கிடக்கிறது. பூங்காவுக்குக் கிளம்பும்போது பத்துப் புளியங்கொட்டையை இடது கையில் எடுத்துக்கொள்கிறாள். சுற்றுக்கு ஒன்றாக வலது கைக்கு மாற்றுகிறாள். பத்தும் மாறியதும் வீட்டுக்கு. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் குழுவில் ஏற்கமாட்டோம் என்கிறார்கள்.

ஆடி மாதம் அடுத்த போட்டி. இந்த முறை பரிசு மிக்ஸி என்று பேச்சு. ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில், நன்றாக வேகப்பந்து வீசக்கூடிய பையன் யாராவது இருந்தால் தெரிவியுங்கள். இடதுகைக்காரனாக இருந்தாலும் பரவாயில்லை.