ஞாயிற்றுக்கிழமைத் தொட்டிக் கழுவலும் திங்கட்கிழமை மீன் சாவும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தமிழ்நாட்டு வீடுகளில் அலங்கார மீன்கள் அதிகம் இறக்கும் கிழமை திங்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவப் புள்ளிவிவரம் கிடையாது. செத்த மீனுக்கு யாரும் இறப்புச் சான்றிதழ் வாங்குவதில்லை. ஆயினும் சூழ்நிலைச் சான்றுகள் வலுவானவை. வீட்டுத் தலைவருக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடைக்குப் போய்வந்து, பேப்பரை மடித்துவைத்தபின், அவர் பார்வை ஹாலின் மூலையில் போய் நிற்கிறது. "என்ன இது, தொட்டி இவ்ளோ அழுக்கா இருக்கு? வீட்ல யாருமே பாக்கறதில்லையா?" என்று அவர் கேட்கும் நொடியிலிருந்து மீன்களின் ஆயுள் மணிக்கணக்கில் எண்ணப்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். நடுத்தர வர்க்கத்தின் தேசியத் தொட்டி என்று இதைக் கூறலாம். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். விளிம்புவரை யாரும் ஊற்றுவதில்லை என்பதால் 50 என்று கொள்க. உள்ளே கோல்டு ஃபிஷ் சில, ஒரு ஜோடி ஏஞ்சல், பிள்ளை அடம்பிடித்து வாங்கி வீட்டில் யாருக்கும் பெயர் தெரியாத மீன் ஒன்று, 'டேங்க் கிளீனர்' ஒன்று, குமிழி வரும்போதெல்லாம் மூடி திறந்து மூடும் பிளாஸ்டிக் புதையல் பெட்டி ஒன்று. இவற்றுள் கழுவலுக்குப் பின்னும் நிச்சயம் இயங்குவது புதையல் பெட்டி மட்டுமே. இவ்வாய்வுக்கு நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை. சில வீடுகளில் மதியச் சாப்பாடு கிடைத்தது.

இனி, கழுவல் என்னும் சடங்கு. முதலில் மோட்டாரின் ஒயர் பிடுங்கப்படும். பிறகு மீன்களைப் பிடித்து பக்கெட்டில் விட வேண்டும். மீன் வலை எங்கே போனதென்று யாருக்கும் நினைவில்லாததால் டீ வடிகட்டி கேட்கப்படும், அது மறுக்கப்படும், மறுக்கப்பட்டதே எடுக்கப்படும். தண்ணீர் முழுவதும் மொண்டு கொட்டப்படும். அரிசி களையும் பாத்திரத்திலேயே கூழாங்கற்களைப் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை களைந்து, மொட்டை மாடியில் வற்றலுக்குப் பக்கத்தில் காயவைப்பார்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை நன்றாகக் கசக்கித் துவைத்து, கிளிப் மாட்டிக் கொடியில் போடுவார்கள். கண்ணாடியின் உட்பக்கம் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்க்கப்படும். சில சுத்தக்காரர்கள் பிளீச்சிங் பவுடரையும் விடுவதில்லை. இறுதியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, நீல மருந்து நாலு சொட்டு விட்டு, குடும்பமே எதிரில் நின்று பார்க்கும். "இப்பதான் பாக்க நல்லா இருக்கு." இது ஞாயிறு மதியம் ஒரு மணி.

அழுக்கைத்தானே கழுவினார், இதில் என்ன குற்றம் என்று மாற்றுத் தரப்பினர் வாதிடுவர். அவர்களுக்கு விடை கூற, எது அழுக்கு என்று முதலில் வரையறுக்க வேண்டியிருக்கிறது. தொட்டியின் அடியில் கறுப்பாகக் கிடப்பது கண்ணில் பட்டதால் மாட்டிக்கொண்ட குற்றவாளி. மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாக, செவுள் வழியே, சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு நிறமில்லை. பளிச்சென்று இருக்கும் தண்ணீரிலும் மொத்த மீனையும் கொல்லப் போதுமான அளவு அது இருக்க முடியும்.

இந்த அம்மோனியாவைத் தின்றே பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. 1890 வாக்கில் ருஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராத்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. அது மீனுக்கு எளிதில் தீங்கு செய்யாது, செடிக்கு உரம். இரண்டாம் கூட்டத்தின் பெயர் நைட்ரோபாக்டர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன; 1998-ல் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தவர்கள், அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று திருத்தினார்கள். பெயர் மாற்றத்தால் தொட்டியில் எந்தச் சலசலப்பும் ஏற்படவில்லை.

நம் ஆய்வுக்கு முக்கியமானது அவற்றின் முகவரி. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். கூழாங்கல்லின் மேல், ஸ்பாஞ்சின் துளைகளுக்குள், கண்ணாடியில் ஒட்டிய வழவழப்பில்தான் குடியிருக்கின்றன. வீட்டுத் தலைவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு தேய்த்தெடுத்தாரே, அதே வழவழப்பு. சாதகமான சூழலில் ஈ.கோலை போன்ற பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்குப் பாதி நாள், சமயத்தில் அதற்கும் மேல் ஆகும். ஒரு புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம். அத்தனை வாரத்துக் குடியேற்றத்தையும் ஒரே காலையில் வெயிலில் காயப்போட்டுவிட்டு, மீன்களை மட்டும் பழைய எண்ணிக்கையில் திரும்ப விட்டால், ஞாயிறு மாலை முதல் அம்மோனியா ஏறத் தொடங்குகிறது. திங்கள் காலை பால் பாக்கெட் எடுக்க எழுந்தவர்தான் வழக்கமாக முதல் சாட்சி.

குழாய்த் தண்ணீரும் தன் பங்கைச் செய்கிறது. நம் கிருமிகளைக் கொல்லத்தான் அதில் குளோரின் கலக்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, குழாயில் வரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நமக்குக் காப்பான அந்த அளவு மீன் செவுளைப் பொசுக்கும்; ஸ்பாஞ்சில் தப்பிப் பிழைத்த பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. குளோரின் வேண்டாமென்று போர் தண்ணீருக்குப் போகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. நாள்பட்ட தொட்டியில் தண்ணீர் மெல்லப் புளித்து அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் வடிவில் அடங்கிக் கிடக்கும். பாதித் தொட்டிக்குக் காரத்தன்மையுள்ள போர் தண்ணீரை ஊற்றினால் பிஹெச் எகிறும்; பிஹெச் ஒரு படி ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். தண்ணீர் மாற்றாமல் விட்டதும் தப்பு, திடீரென்று நிறைய மாற்றியதும் தப்பு. இந்த இடத்தில் வீட்டுத் தலைவர் மேல் ஆய்வாளருக்கும் சற்று இரக்கம் உண்டு.

வரலாற்றுப் பின்னணி இல்லாத கட்டுரையில் எந்த நெறியாளரும் கையெழுத்திடுவதில்லை. ஆகவே: 1846-ல் அன்னா தின் என்ற ஆங்கிலச் சீமாட்டி டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து ஜாடியில் வளர்த்தார். கடல்நீரை அடிக்கடி வரவழைக்க முடியாது. எனவே வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலோரம் நின்றுகொண்டு, நாள்தோறும் அரைமணி முக்கால்மணி நேரம், தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு டீ ஆற்றுவதுபோல் ஆற்றிக்கொண்டிருந்தாள். உலகின் முதல் ஏர் மோட்டார் அவள்தான் என்பது இவ்வாய்வின் துணைமுடிவு. சீமாட்டியின் பெயர் நூல்களில் ஏறிவிட்டது; மோட்டாரின் பெயர் ஏறவில்லை.

அடுத்து 1850-ல் ராபர்ட் வாரிங்டன். லண்டன் வேதியியலாளர். ஒரு தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ், நாடாவாக நீளும் வாலிஸ்னேரியா செடி. இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அப்போது அவர் நத்தைகளை உள்ளே விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, செடி தழைத்தது, மீன் பிழைத்தது. அவர் ஸ்பாஞ்ச் துவைக்கவில்லை, நாரால் தேய்க்கவில்லை, கூழாங்கல்லை மாடிக்கு எடுத்துப்போகவில்லை என்பதை வாசகர் கவனிக்க.

வாரிங்டனின் நத்தை இடத்துக்கு நம் ஊரில் 'டேங்க் கிளீனர்' வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் இந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி, தொட்டியைத் துப்புரவு செய்யும் என்ற பெயரில் விற்கப்படுகிறது. குட்டியாக இருக்கும்போது பாசியைச் சுரண்டித் தின்பது உண்மை. மீன் கழிவைத் தின்னும் என்பது புனைவு. தான் தின்றதற்கு ஏற்பத் தானும் கழிக்கும். அந்தப் பங்கில் அது மற்ற மீன்களைத் தோற்கடித்துவிடும். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். அப்போது வீட்டுக்காரர் அதை மனிதாபிமானத்தோடு ஏரியில் விடுகிறார். கங்கையிலும் ஆந்திரத்து நீர்நிலைகளிலும் முள்ளும் கவசமுமாகப் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பது இப்படி வெளியேறியவர்களின் வம்சம்தான்.

மீன் ஏன் செத்தது என்பதற்கு அம்மோனியாவைக் காட்டிலும் செல்வாக்குள்ள விளக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதைப் புறக்கணித்தால் ஆய்வு நேர்மையற்றதாகிவிடும். திருஷ்டிக் கோட்பாடு. "வீட்டுக்கு வர இருந்த கெட்டதை அது வாங்கிட்டுப் போயிடுச்சு" என்று பாட்டி அறிவித்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. இக்கோட்பாட்டின் வலிமை, எந்தச் சான்றாலும் அதைப் பொய்ப்பிக்க முடியாது என்பது. கார்ல் பாப்பர் இதை அறிவியல் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அவர் சென்னைக் கொளத்தூரில் மீன்கடை வைத்திருந்தவர் அல்லர். மீன் செத்தால் நல்லது நடந்தது என்று பொருள், நல்லது தொடர வேண்டுமானால் புது மீன் வாங்க வேண்டும். ஃப்ளவர்ஹார்ன், அரோவானா போன்ற 'வாஸ்து மீன்'களுக்கு வாங்கும் சுமை அதிகம் என்பதால் விலையும் அதிகம்.

உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது. நாள் முழுக்க எதையாவது மேய்வதற்கென்றே அமைந்த உடல். எதிரே யார் வந்தாலும் வாயைத் திறந்துகொண்டு வரும். தாத்தா காலையில் போடுவார், பள்ளிக்குப் போகும்முன் பிள்ளை போடும், இருவரும் மறந்திருப்பார்களென்று அம்மா போடுவாள். மிச்சம் அடியில் அழுகி அம்மோனியாவாகும். ஞாயிறன்று தெரிந்த அழுக்கின் மூலம் பெரும்பாலும் இந்தப் பாசம்தான்.

இதையே பெரிய அளவில் காண விரும்புவோர் கோயில் குளத்துக்குச் செல்லலாம். பொரிப் பொட்டலம் வாங்கித் தூவினால் மீன்கள் மொய்க்கும். புண்ணியம் உடனே வரவாகும், பொரி மிச்சமாகும். அது மக்கி, பாசி பெருகி, தண்ணீர் பச்சையாகும். பச்சை என்பதாலேயே அழுக்கென்று தீர்ப்பெழுதக் கூடாது. கெண்டை வளர்ப்போர் மிதமான பச்சையை விரும்பி உண்டாக்குகிறார்கள். அதை அளக்க ஒரு தட்டு இருக்கிறது. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் போப்பின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். தட்டில்லாத பண்ணைக்காரர் கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்க்கிறார். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மங்கலாக மறைந்தால் சரி. மணிக்கட்டிலேயே மறைந்தால் ஆபத்து.

ஆபத்து வருவது இரவில். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டியதும் மீனோடு சேர்ந்து தானும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க, 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைவதோ ஏறக்குறைய 7.5 மில்லிகிராம். அந்தச் சிறு கையிருப்பு விடியலுக்குச் சற்று முன்னால் அடிமட்டத்தைத் தொடும். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்திருந்தால் மிச்சமே இராது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் மீன்கள் மிதப்பதைக் காண்கிறார்கள். மறுநாள் பேப்பரில் 'மர்மமான முறையில்' என்று வருகிறது. யாரோ விஷம் கலந்ததாகச் சிலர் உறுதியாகச் சொல்வார்கள். பொரிக்காரரை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்கவும் கூடாது, அவரும் பிழைக்க வேண்டும்.

களஆய்வின் நிறைவுக் கட்டமாக, கொளத்தூர் மீன்கடைத் தெருவில் கேட்டுப் பதிந்த உரையாடல் ஒன்று கீழே தரப்படுகிறது.

"தம்பி, போன வாரம் வாங்கினது எல்லாம் போயிடுச்சுப்பா."

"தண்ணி ஃபுல்லா மாத்துனீங்களா சார்?"

"ஆமா, கல்லு ஸ்பாஞ்சு எல்லாம் பளிச்சுனு கழுவித்தான் விட்டேன்."

"அதான் சார். கழுவாதீங்க. வாரத்துக்கு ஒருவாட்டி கால்வாசி மட்டும் எடுங்க. எடுத்த அந்தப் பழைய தண்ணிலயே ஸ்பாஞ்சை லேசா ஒரு பிழி பிழிஞ்சு மாட்டிடுங்க. புதுத் தண்ணிய மொத நாளே பக்கெட்ல புடிச்சு வெச்சுடணும். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு தீனி, அவ்ளோதான்."

"சரி, இப்ப நாலு கோல்டு ஃபிஷ் குடு."

"இப்ப நாலு வேணாம் சார். ஃபில்டர ஓட விட்டு, ஒரே ஒரு மீன விட்டு, தீனி கம்மியா போட்டு ஒரு மாசம் பாருங்க. அப்புறம் வாங்க."

வாடிக்கையாளர் கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். வியாபாரம் செய்யத் தெரியாதவர் என்று முடிவுகட்டியது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்துக் கடையில் ஏழு மீனும், டேங்க் கிளீனர் ஒன்றும், நீல மருந்து ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு, ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்ட் போட்ட கவரை ஸ்கூட்டர் ஹேண்டிலில் மாட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை.