மேகம் டைரக்ட் செய்த படம்

மதுரையின் உஷ்ணத்தையும் காய்ச்சலையும் தாங்கமாட்டாமல் மலையேறி வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ஆம் வருஷத்தில் முதல் பங்களாக்களைக் கட்டிக் குடியேறிய காலந்தொட்டு, கொடைக்கானலுக்கு எத்தனையோ விதமான மனிதர்கள் எத்தனையோ விதமான காரியங்களை உத்தேசித்து வந்திருக்கிறார்களென்றாலும், மேகத்தோடு வழக்காடுவதற்கென்றே வருகிறவர்கள் சினிமாக்காரர்கள் மட்டுந்தான். பெரிய கம்பெனிக்காரர்கள் ஜெனரேட்டர் வண்டியும் சமையல் வண்டியுமாக ஊர்வலம் வந்து, ஏரிக்கரையில் கதாநாயகனையும் கதாநாயகியையும் நிறுத்தி, மேகம் மறைத்தால் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது விலகும்வரையில் சுக்குக் காப்பி குடித்துக் காத்திருந்து, விலகியதும் அரை நிமிஷப் பாட்டை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். காத்திருப்பதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாதவர்கள் மேகத்தையும் ஒரு பாத்திரமாகக் கதைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிச் சேர்த்துக்கொண்ட மாத்திரத்தில் எவ்வளவு பெரிய சோகக் கதையும் ஹாஸ்யமாகிவிடுகிறதென்பது நானும் என் சிநேகிதர்களும் சொந்தச் செலவில் கண்டறிந்த உண்மை.

எங்கள் படக் கம்பெனிக்குப் பெயரும் கிடையாது, ஆபீஸும் கிடையாது. ஏரிச்சாலையில் ஒரு டீக்கடையின் வெளிப்பெஞ்சுதான் எங்கள் ஸ்டூடியோ. உத்தியோகங்கள் திறமையைக் கொண்டு வழங்கப்படாமல் சொத்தைக் கொண்டு வழங்கப்பட்டன. சாக்லேட் கடையில் வேலை பார்க்கும் நண்பரிடம் நல்ல கேமரா உள்ள போன் இருந்தபடியால் அவர் ஒளிப்பதிவாளர். ஜீப் வைத்திருந்தவர் தயாரிப்பு நிர்வாகி. கிழியாத தோல் ஜெர்கின் ஒன்று யாரிடம் இருந்ததோ அவரே கதாநாயகன்; ஜெர்கினை இரவல் கொடுக்க அவர் சம்மதிக்காததனால் அந்தப் பதவிக்குப் போட்டி ஏற்படவில்லை. ட்ரைபாட் என்னுடையதாகையால் கதை, வசனம், டைரக்‌ஷன் ஆகிய மூன்றும் என் தலையில் விழுந்தன.

பெண் வேஷத்துக்கு மாத்திரம் சொத்துள்ளவர் எவரும் அகப்படவில்லை. ஆனால் இந்தச் சங்கடத்தைத் தமிழர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறார்கள். திரௌபதியின் சபதத்தை மீசையை மழித்த ஆண்பிள்ளை ஒருவர் சொல்ல, விடிய விடியக் கண்ணீர் விட்டுக் கேட்ட தெருக்கூத்துச் சபை நம்முடையது. இந்தக் காலத்தில் கோபியும் சுதாகரும் தங்கள் ‘பரிதாபங்கள்’ வீடியோக்களில் தாய், தகப்பன், அண்டைவீட்டு மாமி, சொந்தக்காரர் என்று ஒரு குடும்பத்தையே இரண்டு பேராக நடித்துக் காட்டி, லட்சோபலட்சம் ஜனங்களைச் சிரிக்க வைக்கிறார்கள். தலையில் ஒரு துண்டு விழுந்தால் அது தாயார் என்று ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை நமது ரசிகர்களிடம் இருக்கும்போது நமக்கென்ன குறை என்று, பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு வரும் எங்கள் வியாபார நண்பரின் தலையில் துண்டைப் போட்டோம். மீசையை எடுக்கமாட்டேன் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மீசையோடு கூடிய அந்தத் தாயார்தான் எங்கள் படங்களில் இன்றளவும் அதிகமாகப் பாராட்டப்படும் நடிகர் என்பதை ஜெர்கின்காரர் காதில் விழாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதற்படத்தின் கதை உருக்கமானது. கைமாற்றாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வருகிற சிநேகிதனும், கொடுக்க வழியில்லாத சிநேகிதனும் கோக்கர்ஸ் வாக்கில் சந்தித்துப் பேசுவது. பேச்சின் முடிவில் பணத்தைவிட நட்பே பெரிதென்று இருவரும் கட்டிக்கொண்டு அழுவது. லெப்டினன்ட் கோக்கர் என்ற துரை 1872-இல் மலைச்சரிவின் விளிம்பில் போட்ட அந்த நடைபாதையில் காலை வெயில் சுத்தமான தங்கமாக விழுந்திருந்த நேரத்தில், கடன் கொடுத்தவனின் வசனங்கள் முழுவதையும் எடுத்து முடித்தோம். போனை மறுபக்கம் திருப்பி, வாங்கியவன் முகத்தைப் பிடிக்கப் போன சமயத்தில், பெரியகுளம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மேகம் புறப்பட்டு, அனுமதியொன்றும் கேளாமல் ஏறி வந்து, கம்பி வேலியை, மரங்களை, வாங்கியவனின் கைகால்களையெல்லாம் வரிசையாக விழுங்கி, பற்களை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தது. ஜீப் நண்பருக்கோ பிற்பகலில் வத்தலக்குண்டில் சவாரி. “மாப்ளே, எடுக்கறதை எடுங்க, எனக்கு நேரமாச்சு” என்று அவர் ஹாரனை அடிக்க ஆரம்பித்தபடியால் உள்ளதை உள்ளபடியே எடுத்தோம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, பூலோகத்தில் பிரகாசமான வெயிலில் நின்றுகொண்டு ஒருவன் “குடுத்த காசு எங்கடா?” என்று கத்த, வெண்மேகத்துக்கு நடுவிலிருந்து மற்றொருவன் பரம சாந்தமாக “அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, “செத்தும் கொடுத்த சீதக்காதியைக் கேள்விப்பட்டிருக்கோம், செத்தும் கொடுக்காதவனை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார். அவ்வளவுதான். டப்பிங்கில் ஒரே ஒரு வசனத்தைக் கூட்டி வாங்கியவனைச் சொர்க்கத்துக்கு அனுப்பிவிட்டு, படத்துக்குச் ‘செத்தும் கொடாதவன்’ என்று பெயரும் வைத்துவிட்டோம். பார்த்தவர்களெல்லாம் அந்த மேகக் காட்சியைக் கம்ப்யூட்டரில் செய்ததென்று நம்பிப் பாராட்டினார்கள். நாங்கள் மறுக்கவில்லை.

இந்த வெற்றி கதாநாயகன் மனத்தில் ஒரு விபரீத ஆசையைக் கிளப்பிவிட்டது. கோக்கர்ஸ் வாக்கில், சூரியன் தாழ்ந்து முதுகுப் பக்கம் இருந்து, எதிரே பள்ளத்தில் மூடுபனி திரண்டிருக்கும் அபூர்வமான சில வேளைகளில், நிற்பவனுடைய நிழல் பிரம்மாண்டமாக மேகத்தின் மேல் விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையமும் தோன்றும். ஜெர்மனியிலுள்ள ப்ரோக்கன் என்ற மலையின் பெயரால் ப்ரோக்கன் ஸ்பெக்டர் என்று சாஸ்திரக்காரர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல ஒரு சித்தராக நடித்துவிட வேண்டுமென்று எங்கள் நாயகர் ஜெர்கினைக் கழற்றிக் காவி கட்டிக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிக்க, பல சாயங்காலங்கள் காத்துக் கிடந்தார். கடைசியில் ஒருநாள் வளையம் வந்தது. “விழுந்துச்சு மாப்ளே, என் தலையிலதான்!” என்று அவர் ஆனந்தக் கூத்தாடினார். படத்தைப் போட்டுப் பார்த்தால் சித்தரின் நிழல் ஒளி இல்லாமல் ஓரமாக நிற்கிறது. திவ்விய ஜோதியோ, போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும் சாக்லேட் கடைக்காரரின் தலையைச் சுற்றிச் சுழல்கிறது!

இதில் சதியொன்றுமில்லை. பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால், ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் நிழலைச் சுற்றித்தான் வளையம் தெரியும். கேமராவின் கண்ணுக்குக் கேமராவின் நிழல். அங்கே நின்ற ஒவ்வொருவரும் தத்தம் தலையிலேயே ஒளிவட்டத்தைக் கண்டோம், பிறர் தலையில் அது இருந்ததாக ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. (சினிமா உலகத்தில் இது மூடுபனி இல்லாத இடங்களிலும் நிகழ்வதாகக் கேள்வி.) நாயகர் மட்டும் விஞ்ஞானத்தை ஏற்காமல், ஒளிப்பதிவாளருடன் கொஞ்ச காலம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“இதெல்லாம் ஒரு படமா மாப்ளே?” என்று ஜீப் நண்பர் மனம் தளரும் சந்தர்ப்பங்களில் நான் அவருக்குப் பூர்விகர்களின் சரித்திரத்தை எடுத்துச் சொல்வதுண்டு. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காட்டிய முதல் ஹாஸ்யப் படத்தில் இருந்ததெல்லாம் ஒரு தோட்டக்காரர், ஒரு குறும்புப் பையன், ஒரு தண்ணீர்க் குழாய். ஓடுகிற நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. சென்னையில் மோட்டார் வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தை எடுத்தபோது, மின்விளக்குகளுக்குப் பதிலாக மேலே வெள்ளைத் துணியைக் கட்டிச் சூரியனை வடிகட்டித்தான் எடுத்தார். எங்கள் வெள்ளைத் தெர்மகோல் பலகை அந்தத் துணியின் வமிசத்தைச் சேர்ந்தது. 1939-இல் சின்னச் சின்ன ஹாஸ்யப் படங்களைக் கோத்து ‘சிரிக்காதே’ என்று ஒரே படமாக வெளியிட்டபோது, அந்தத் தலைப்பைத் தியேட்டரில் ஒருவரும் அனுசரிக்க முடியாமல் செய்தவர்களில் என்.எஸ். கிருஷ்ணனும் உண்டு. மகாராஷ்டிரத்தில் விசைத்தறிகள் நிறைந்த மாலேகாவில் நசீர் ஷேக் என்பவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ‘ஷோலே’யைத் தமாஷாகத் திருப்பி எடுத்ததும், அந்த ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியைக் கிரேனாகவும் சைக்கிளைக் கேமரா ட்ராலியாகவும் உபயோகித்ததும் ஒரு விவரணப் படமாகவே வந்து உலகம் சுற்றியிருக்கின்றன. இவ்வளவையும் கேட்டு முடித்துவிட்டு ஜீப் நண்பர், “அவங்களுக்கு டீசல் யாரு போட்டா?” என்று கேட்பார். சரித்திரத்தில் அதற்கு விடையில்லை.

மாலேகாவ்காரர்களைப் பின்பற்றி நாங்களும் ஏரிக்கரைக் குதிரை ஒன்றின் மேல் கதாநாயகனை ஏற்றி வீரப்பிரவேசம் செய்விக்க முயன்றோம். 1863-இல் லெவிஞ்ச் துரை அணைகட்டி உண்டாக்கிய அந்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி வர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். குதிரைக்கு அந்த வட்டம்தான் தெரியும். ‘கட்’ என்ற வார்த்தை தெரியாது. வசனம் முடிந்தும் நாயகர் போய்க்கொண்டே இருந்தார். “அண்ணே, ரவுண்டு முடியாம இது நிக்காதுண்ணே” என்றார் குதிரைக்காரர், காசை எண்ணிக்கொண்டே.

குகைப் படம் எடுக்கும் ஆசையும் எங்களுக்கு உண்டாகாமலில்லை. சந்தானபாரதியின் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ 1991-இல் வெளிவந்ததிலிருந்து பிசாசின் சமையலறை என்ற வெள்ளைக்காரப் பெயர் மறைந்து குணா குகை என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2006-இல் அங்கே ஆழப் பிளவில் விழுந்த நண்பனைக் கேரளத்து இளைஞர்கள் விடாப்பிடியாக மீட்ட உண்மைக் கதை, 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆக வெளிவந்த பிறகு, வேலிக்கு வெளியே நின்று ‘குணா’வின் காதல் கடிதப் பாட்டைக் கூட்டமாகப் பாடாமல் ஊர் திரும்புகிற டூரிஸ்ட் அபூர்வம். அந்தப் பாட்டுக்கு நடுவில் எங்கள் வசனம் எந்த மைக்கில் விழும்? விசாரித்ததில், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் குகையே பெரும்பாவூரில் போட்ட செட் என்று தெரிய வந்ததும் எங்களுக்கு அளவில்லாத தைரியம் பிறந்து, பூம்பாறை நண்பரின் பூண்டு அறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டு ஒரு குகை செய்தோம். அசல் குகையைவிட இருட்டு. வாசனை மாத்திரம் ரசத்தை ஞாபகப்படுத்தியது. ‘அம்மா’ அங்கே துண்டோடு வந்து, பிளவில் விழுந்த மகனைப் பார்த்து, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்கும் காட்சியை எழுதியவன் நானல்ல, அவராகவே பேசினது.

எங்கள் நடிப்பின் உச்சம் வெளிப்பட்டது வேறோர் இடத்தில். ஒரு சந்தில் சண்டைக்காட்சி ஒத்திகை நடந்துகொண்டிருக்கையில், இந்த ஊரில் சர்வ சாதாரணமாகத் தெருவுக்கே வந்துவிடுகிற காட்டெருமை ஒன்று, கன்றுக்குட்டியின் நிதானத்தோடும் லாரியின் கனத்தோடும், வீட்டுக் கோடியிலிருந்து வெளிப்பட்டது. வில்லன் கதாநாயகனைத் தோளில் தாங்கிக்கொண்டு ஓடினான். மீசைத் தாயார் துண்டை விட்டெறிந்துவிட்டு மதிலேறிவிட்டார். ட்ரைபாட் அசையாமல் நின்று அத்தனையையும் பதிவு செய்தது. காட்டெருமை அருகில் வந்து, போனுக்குள் கொஞ்ச நேரம் பார்த்து, தெர்மகோல் பலகையை ஓர் ஓரம் கடித்து, ருசி பிடிக்காமல் துப்பிவிட்டுப் போயிற்று. எங்கள் சிருஷ்டிகளில் அதிகமானவர்கள் பார்த்தது இந்தப் படம்தான். கதை, வசனம், டைரக்‌ஷன் என்று என் பெயர் அதிலும் வருகிறது.

பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’, ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’, அருண்குமாரின் ‘பண்ணையாரும் பத்மினியும்’ எல்லாம் குறும்படங்களாகப் பிறந்து பிறகு பெரும்படங்களாக வளர்ந்தவை. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ மேடையிலிருந்து கோடம்பாக்கம் போய்ச் சேர்ந்தவர்களும் பலர். அந்த வழியில் நாங்களும் போவோமா என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரத்தையில்லை. கோடம்பாக்கத்தில் காத்திருக்கப் பணம் இருக்கிறது, மேகம் இல்லை.

வெளியூரிலிருந்து போனும் ட்ரைபாடுமாக இங்கே படமெடுக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகையால் அதை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள், குகை வேலியைத் தாண்டாதீர்கள், காட்டெருமையை நடிக்கக் கூப்பிடாதீர்கள். அது தானாக வந்தால் தப்பித்து ஓடிவிடுங்கள். வெயில் வேண்டிய ஷாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வேறெதில் சிக்கனம் பிடித்தாலும் டீக்கு மட்டும் தாராளமாகப் பணம் எடுத்து வாருங்கள். இந்தக் குளிரில், எங்கள் கணக்குப் புத்தகத்தின்படி, ஒரு படத்தின் பெரிய செலவு அதுதான்.