எலும்பில்லாத கைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிக்குச் சொந்தக்காரன், டிரைவர், தற்சமயம் ஒற்றைக் கைக்காரன்.

பெறுநர்:
உயர்திரு முகப்பு விளக்கு வடிவமைப்புப் பிரிவினர், எனக்கு வண்டி விற்ற கம்பெனி.

பொருள்: இடது ஹெட்லைட் பல்பு மாற்றத் தங்கள் இன்ஜினியரின் கையை இரவல் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: இரவில் சுமார்.

ஐயா,

நேற்று ராத்திரி பழனி ரோட்டில், டீக்கடை ஓரமாக, தங்கள் கைவண்ணத்தைத் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. இடது பல்பு போய்விட்டது. புது பல்பு டேஷ்போர்டில் தயாராக இருந்தது. பானெட்டைத் திறந்து கையை விட்டேன். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே தாங்கள் அருளியிருக்கும் இடைவெளியில் கை போனது. வரவில்லை. டீ மாஸ்டர்தான் ஓடிவந்து, "அண்ணே, ஆட்டாதீங்க, தோல் உரிஞ்சுரும்" என்று வடைச் சட்டி எண்ணெயை ஒரு கரண்டி மணிக்கட்டில் ஊற்றி உருவி எடுத்தார். நல்லவேளை, எண்ணெய் ஆறியிருந்தது. பக்கத்திலிருந்த தம்பி ஒருவன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டான். இன்று காலை கமிஷன் மண்டியில் தக்காளி விலையைக் கேட்டேன், "கை எப்படி இருக்கு?" என்று பதில் வந்தது.

இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வந்தது வியப்புதான். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது தர்க்க சாஸ்திரம். அந்தப் பொந்துக்குள் பல்பு இருக்கிறது என்றால் அதை வைத்த கை ஒன்றும் இருந்தாக வேண்டும். மணிக்கட்டில் எலும்பு இல்லாத, விரல் நுனியில் கண் உள்ள ஓர் இன்ஜினியர் தங்களிடம் வேலை பார்க்கிறார் என்று அப்போதே புரிந்துகொண்டேன். எங்கள் மெக்கானிக் வேறு மாதிரி சொல்கிறார். ஃபேக்டரியில் விளக்கை முதலில் மாட்டிவிட்டு, பிறகுதான் பேட்டரியை இறக்குகிறார்களாம். திரும்ப அங்கே ஒருவன் கை விட வேண்டியிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லையாம். பொறாமைக்காரர். இவ்வளவு பெரிய கம்பெனி அப்படிச் செய்யுமா?

உள்ளே உள்ள வேலையும் லேசானதல்ல. முதலில் மூன்று பின் கப்ளரை உருவ வேண்டும். மூன்று பின் கப்ளரை உருவ வேண்டும். பிறகு கம்பி கிளிப்பை அமுக்கி ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் தடவல்தான். அதற்குமேல் தங்கள் கையேடு ஒரு நிபந்தனை போடுகிறது: பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. நியாயம்தான். ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி பயங்கரமாகச் சூடேறும். விரல் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் இன்னும் கூடுதலாகக் காய்ந்து, பல்பு சீக்கிரம் போய்விடும். எனக்கோ முழங்கை வரை வடை எண்ணெய். எலும்பில்லாத கை எண்ணெய் கேட்காது. அதனால் இந்த நிபந்தனை இன்ஜினியருக்கு உறுத்தியிருக்காது.

"அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்கிறது அடுத்த வரி. போன தடவை பல்பு போனபோது அணுகினேன். பம்பரையும் கிரில்லையும் கழற்றினார்கள், மாட்டினார்கள். அதற்கு லேபர், அதற்கு ஜி.எஸ்.டி. பில்லின் அடிவாரத்தில், கல்யாணப் பத்திரிகையில் தூரத்துச் சொந்தத்தின் பேரைப் போல, பல்பின் விலை ஒதுங்கி நின்றது. அங்கேயும் எலும்புள்ள கைகள்தாம் வேலை செய்கின்றன என்பதில் எனக்குச் சிறு ஏமாற்றம்.

சரி, 100/90 வாட் பல்பு போட்டுக்கொள் என்று சக டிரைவர்கள் யோசனை சொல்கிறார்கள். தங்களுடையது 60/55. கூடுதல் வாட் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவன் கண் கூசும். எல்.இ.டி. போடலாமா? ஹாலஜன் இழைக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டரில் அது ரோட்டை விட்டுவிட்டு வேப்பமரத்தைக் காட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்குப் புறம்பாக எதை மாற்றினாலும் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆக, மாற்றினால் குற்றம். மாற்றாமல் ஒற்றை விளக்கோடு போனாலும் குற்றம். கையை விட்டால் வீடியோ.

ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் டிம் வெளிச்சம் இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக விழும்படிதானே செய்கிறீர்கள், ரோட்டு ஓரம் தெரியட்டும் என்று? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற சனம் அந்த ஓரத்தில்தான் ராத்திரியெல்லாம் போகிறது. கைக்குழந்தையோடு போகிறது. இடது விளக்கு செத்த லோடு வண்டிக்கு அவர்கள் பக்கத்தில் வரும்வரை தெரிய மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த சர்வீஸ் சென்டர் திறந்திருக்கும்? நிபுணர் உதவி இல்லாமல், வண்டியோடு கொடுத்த டூல்ஸை வைத்தே பல்பு மாற்ற முடிய வேண்டும் என்று ஐ.நா.வின் 48ஆம் எண் ஒழுங்குவிதி சொல்கிறது. ஐரோப்பாக்காரன் அதைக் கேட்டு வாங்குகிறான். எங்களுக்கு மட்டும் என்ன கேடு? பேட்டரியை நாலு விரற்கடை தள்ளி வைக்க எவ்வளவு செலவாகும்? வரைந்தவர்களில் ஒருவராவது அந்தப் பொந்துக்குள் தன் கையை விட்டுப் பார்த்தாரா?

மன்னிக்க வேண்டும், கை வலியில் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. தங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பானெட்டுக்குள் கை படும் இடத்தில், யாருக்கும் வேண்டாத கம்பெனி முத்திரையைப் பெரிதாகப் பதித்த பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்திருக்கிறீர்களே, அந்த நயம் யாருக்கு வரும்?

அடுத்த மாதம் எஃப்.சி. வருகிறது. வலது பல்பும் மினுக்கத் தொடங்கிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வடை எண்ணெயோடு நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே தங்கள் எலும்பில்லாத இன்ஜினியரை ஒருநாள் ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். போக வர பஸ் சார்ஜ், டீ, சாப்பாடு என் பொறுப்பு. பேட்டரி டெர்மினலைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்னிடமே இருக்கிறது. அவருக்கு வேலை அதிகமாக இருந்தால், கையை மட்டும் பார்சலில் அனுப்பினாலும் போதும். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எலும்புள்ள வாடிக்கையாளன்.