ஆரன் அடிக்கிற மாப்ளைக்கு

என்னா மாப்ள, மூஞ்சி இப்பிடிச் செவந்து கெடக்குது? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ரெண்டு பேரு சோடியாச் சைக்கிள்ல போனாங்களாம், நீ ஆரன் அடிச்சும் ஒதுங்கலியாம், விருத்தாசலம் போய்ச் சேர அஞ்சு நிமிசம் தாமசமாயிடுச்சாம். அடேங்கப்பா! அந்த அஞ்சு நிமிசத்துல அங்க போயி என்னென்ன வேலையைக் கெடுத்திருப்பியோ, ஊரு தப்பிச்சுது.

நீ சொல்றதும் நாயந்தான். ரோடு யாருக்கு? வண்டிக்கு. வண்டின்னா எது? பெட்ரோல் குடிக்கிறது. பழைய சோறு தின்னுட்டு மிதிக்கிறதெல்லாம் வண்டியில சேத்தியா? 1988ல போட்ட மோட்டார் வாகனச் சட்டமே சைக்கிளை மோட்டார் வண்டின்னு ஒத்துக்கல. அதனால அந்தப் புள்ளைங்களுக்கு லைசென்சும் வேணாம், இன்சூரன்சும் வேணாம். உனக்குத்தான் ரெண்டும் வேணும். இருக்குதா? சரி சரி, பாக்கெட்டைத் தடவாத. நான் என்ன போலீசா?

எங்க காலத்துல சைக்கிளுக்கே லைசென்சு உண்டு. காசு கட்டி ஒரு தகர வில்லை வாங்கி மாட்டிக்கணும். லைட்டு இல்லாமப் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீசுக்காரரு காத்தைப் புடுங்கி உட்டுடுவாரு. பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டுப் போறவனை மட்டும் கண்டுக்கவே மாட்டாரு. அவரே இன்னொரு போலீசுக்காரரோட அப்பிடித்தான வருவாரு!

இப்பக் கதை வேற. 2019ல சட்டத்தைத் திருத்தினப்ப 138ஆம் பிரிவுல ஒரு துண்டு சேத்தாங்க. மோட்டார் இல்லாத வண்டியும் நடந்து போறவங்களும் ரோட்டுல எப்பிடிப் போவணும்னு மாநில அரசாங்கம் விதி போட்டுக்கலாமாம். "போட்டுக்கலாம்"னா நம்ம நாட்டுல எத்தினி வருசம்னு உனக்கே தெரியும். கோயமுத்தூரு எலும்பு டாக்டரு ராஜசேகரன் 2012ல போட்ட வழக்குல, 2025 அக்டோபர்லதான் சுப்ரீம் கோர்ட்டு ஆறு மாசம் கெடு குடுத்து, போடுங்கன்னு சொல்லிச்சு. நீயும் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை எழுதிப் போடு: "பொம்பளைப் புள்ளைங்க வாயை மூடிக்கிட்டு மிதிக்கணும்."

கணக்குன்னு வந்தா வா, கணக்கே பாப்போம். கிராமத்துக்குப் பிரியுற ஒத்தவழி ரோடு 3.75 மீட்டரு. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு டிராக்டர் வருதே, அது வந்தா அப்புறம் எடம் ஏது? ஒத்தச் சைக்கிளா இருந்தாலும் யாராவது மண்ணுல எறங்கித்தான் ஆவணும். அங்க ஒண்ணாப் போனா என்னா, ரெண்டாப் போனா என்னா?

பெரிய ரோட்டுக்கு வா. சைக்கிள் ஒண்ணு ஆறடி நீளம். பத்துப் புள்ளைங்க ஒருத்தி பின்னால ஒருத்தியா, நடுவுல ஒரு சைக்கிள் எடம் உட்டுப் போனா வால் 114 அடி. சோடி சோடியாப் போனா 54 அடிதான். நீ எதைச் சுளுவா முந்துவ? இங்கிலாந்துக்காரன் 2022 சனவரியில அவன் ரோட்டு விதிப் புஸ்தகத்தையே திருத்திட்டான். கூட்டமாப் போறப்பவும் சின்னப் புள்ளைங்க கூட வர்றப்பவும் ரெண்டு ரெண்டு பேராப் போறதே பத்திரமா இருக்கலாமாம். பின்னால வண்டி முந்தப் பாத்தா, தோதான எடத்துல வழி உடணும்னு எழுதியிருக்கான். தோதான எடம் எதுன்னு முடிவு பண்றவன் மிதிக்கிறவன், மாப்ள. ஆரன் அடிக்கிறவன் இல்ல.

அதுங்க ஏன் சோடியாப் போவுதுங்கன்னு யோசிச்சியா? முந்திரித் தோப்பு ஓரமா ஒத்தையில போனா, உன்னை மாதிரி நல்லவன் நாலு பேரு பக்கத்துல வந்து வண்டியை மெதுவா உருட்டுவான். கூட ஒருத்தி இருந்தாத்தான் அப்பன்காரன் அனுப்புறான். அதுங்க கைக்குச் சைக்கிள் வந்த கதையையும் கேளு. 2001ல பதினொண்ணாவது படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடிப் பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்ச இலவசச் சைக்கிள் பொறவு எல்லாப் புள்ளைங்களுக்கும் வந்துச்சு. அதுக்கும் முந்தி, 1990களோட தொடக்கத்துல, புதுக்கோட்டையில ஷீலா ராணி சுங்கத்து கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்துல பொம்பளைங்களுக்கு எழுத்தோட சைக்கிளும் சொல்லிக் குடுத்தாங்க. கல்லு ஒடைக்கிறவங்க, வயக்காட்டு வேலைக்காரங்க, ஊரு நர்சம்மா எல்லாரும் கத்துக்கிட்டாங்க. அப்பயும் ரோட்டோரம் நின்னு கேலி பேசினானுவ. நீ அப்பப் பொறக்கல, இல்லாட்டி மொத ஆளா நின்னிருப்ப.

அந்தப் புள்ளைங்களையும் நான் சும்மா உடல. அம்மாடி, பேசுங்க, வேணாங்கல, ஆனா தோள்ல கை போட்டுக்கிட்டு மிதிக்காதீங்க, ஹேண்டில்பாரு ஒண்ணோட ஒண்ணு மாட்டினா ரெண்டு பேருக்கும் முட்டி பேந்துடும். துப்பட்டாவைச் சுருட்டிக் கட்டுங்க, சக்கரம் இழுத்துக்கும். பின்னால சத்தம் கேட்டா வெளிப்பக்கம் வர்றவ பிரேக்கைப் புடிச்சி உள்பக்கம் போறவ பின்னால சேந்துக்கணும், யாரு ஒதுங்குறதுன்னு அப்ப நின்னு பஞ்சாயத்து பண்ணப்படாது. கரும்பு வண்டி வந்தா ரோட்டை உட்டே எறங்கி நில்லுங்க, வளைவுல திரும்பறப்பப் பின்னால நீட்டிக்கிட்டிருக்கிற கரும்பு ஆளையே வாரும்னு சொன்னேன். "சரி தாத்தா"ன்னு ஒருத்தி சொன்னா. இன்னொருத்தி, "தாத்தா, நீங்க நடு ரோட்டுல நிக்கிறீங்க"ன்னா. வாயைப் பாரு!

உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டா? போன வாரம் நீயும் உன் சேக்காளியும் ரெண்டு மோட்டார் சைக்கிளைச் சோடியா ஓட்டிக்கிட்டு, ஒரே செல்போன்ல ரெண்டு பேரும் படம் பாத்துக்கிட்டு வந்தீங்களே, அது எந்தப் புஸ்தகத்துல இருக்குது? விருத்தாசலம் பீங்கான் பேட்டையிலேருந்து பொம்மை ஏத்திக்கிட்டு வர்றவன் வைக்கோலை அடைச்சி, பள்ளம் பாத்து, பையத்தான் ஓட்டுறான். உன் வண்டியில ஒடையுற சாமான் ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் எல்மெட்டு போடல.

அப்பவும் மனசு ஆறலைன்னா மணவாளநல்லூரு கொளஞ்சியப்பர்கிட்டப் பிராது கட்டு. பேப்பர்ல எழுதி, தூரத்துக்கு ஏத்த காசைக் கட்டிட்டு வந்தா முருகன் விசாரிப்பாரு. "ரெண்டு புள்ளைங்க பேசிக்கிட்டே போச்சு, சாமி"ன்னு எழுதும்போது செல்போன் சமாச்சாரத்தையும் ஒரு வரி சேத்துக்க. அவருக்கு எப்பிடியும் தெரியும்.

சரி, கெளம்பு. போற வழியில நம்ம வூட்டு வாசல்ல உளுந்து காயுது. பாதி ரோட்டைத்தான் புடிச்சிருக்கேன், மீதி பாதி உனக்குத்தான். ஓரமாப் பாத்து உருட்டிக்கிட்டுப் போ. ஆரன் மட்டும் அடிச்சிடாத மாப்ள, கோழி மெரண்டா உளுந்தை எறைச்சுடும்.