அகால அலாரமும் சுவர்ப் பல்லியும்: நற்றிணையை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

வீட்டுத் திருட்டு அலாரத்தின் பிழைகள் இருவகைப்படும்: கள்வன் வராதபோது கூவுதல், வந்தபோது வாய்மூடி இருத்தல். பின்னதற்குத் தரவுகள் போதவில்லை. திருட்டுக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனவே முன்னது மட்டுமே இக்கட்டுரையின் எல்லை. இப்பொருளில் இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை என்று, எல்லா ஆய்வேடுகளையும் போல, இதுவும் நூலகப் பக்கம் போகாமலே அறிவித்துக்கொள்கிறது.

காரணங்கள் நான்கு. முதலாவது பேட்டரி. பெட்டிக்குள் கிடக்கும் 12 வோல்ட் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கிழடு தட்டிவிடும், மாற்ற வேண்டும். இதில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது கதவு. கதவில் ஒரு காந்தம், நிலையில் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும். விலகினால் பிரியும், அலாரம் அலறும். பெல் ஆய்வுக்கூடத்து வால்டர் எல்வுட் 1936இல் இந்தச் சுவிட்சை வடித்தபோது, ஐப்பசி அடைமழையில் மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுக்கும் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. இழுத்துச் சாத்தினால் சரியாகிவிடும் என்ப மாடிவீட்டார் (மாடிவீட்டு மாமி, நேர்ப்பேச்சு, இரவு இரண்டு மணி).

மூன்றாவது, ரகசிய எண்ணை மறந்த மாமனார். குடும்ப அமைதி கருதி விரிக்கவில்லை.

நான்காவது பல்லி.

கூடத்து மூலையில் மாட்டியிருக்கும் சென்சார் எந்தக் கதிரையும் வீசுவதில்லை. பார்ப்பது மட்டுமே அதன் உத்தியோகம். வரிவரியான வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லைக்குப் பின்னால் அருகருகே இரண்டு உணரிகள், உடற்சூட்டின் அகச்சிவப்புக் கதிருக்காகக் காத்துக் கிடக்கின்றன. ஒன்றில் பட்டு மற்றதில் படாத கணத்தில் ஆள் நடமாட்டம் என்று முடிவுகட்டிவிடும். பல்லிக்கோ சொந்தச் சூடு கிடையாது, சுவரின் சூடுதான் அதன் சூடு. ஆகவே பத்தடி தள்ளி அது ஓடினால் சென்சார் கண்டுகொள்ளாது. டியூப்லைட் பூச்சியைத் துரத்திக்கொண்டு வில்லைமேலேயே ஏறி வாலை ஆட்டினால்தான் பாதிப் பார்வை மறைந்து தெருவே எழுந்துகொள்கிறது. என் சென்சாரின் கையேட்டில் 25 கிலோ வரை எடையுள்ள நாய்க்கு விலக்கு உண்டு. பல்லிக்கு ஒரு வரி இல்லை.

பல்லிக்கும் அலாரத்துக்கும் உள்ள இந்த உறவை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சங்க நூலான நற்றிணையின் 98ஆம் பாட்டில் உக்கிரப் பெருவழுதி பாடிய காட்டுப்பன்றி தினைப்புனத்துக்குள் நுழையும்போது பக்கத்தில் ஒரு பல்லி சொல்கிறது. பன்றி வந்த வழியே திரும்பிவிடுகிறது. வந்தது தினைத்திருடன், எச்சரித்தது பல்லி, கள்வன் ஓட்டம். பேட்டரிச் செலவும் இல்லை. அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் மின்காந்த அலாரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1853இல்தான் என்பதை நோக்க, பல்லியே மூலக் கருவி, சென்சார் அதன் நகல் என்பது பெறப்படுகிறது. மூலம் தன்மேல் ஏறி நின்றதும் நகல் குற்ற உணர்வால் அலறுகிறது. உலகக் கண்டுபிடிப்புகள் யாவும் இம்முறையிலேயே நம்முடையவையென நிறுவப்பட்டு வருவதால், முறையியல் பற்றி விளக்க வேண்டியதில்லை.

மறுப்போரும் உளர். பல்லி எத்திசையில் சொன்னது என்று பஞ்சாங்கம் பாராமல் சென்சாரின் ஸ்குரூவில் கை வைக்கலாகாது என்பது எதிர்வீட்டுத் தாத்தாவின் துணிபு (லிஃப்ட் வாசல் பேருரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பு பால்காரரிடம் மட்டும் உள்ளது). அலாரம் அலறிய இரவில் சுவரில் பல்லியே இல்லை என்கிறது இன்னொரு மூலம் (வாட்ச்மேன், கையெழுத்துப் படி, கரண்ட் பில்லின் பின்புறம், மூன்றாம் வரி டீக்கறையால் சிதைந்தது, 'சுவரில்' என்பதைச் 'சுவற்றில்' என்றும் பாடம் ஓதுவர். இது குறித்த சண்டையில் பிரிந்த இரு நண்பர்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை).

இக்கருத்து வேறுபாட்டைத் தீர்க்கக் குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளரின் மகன் மலேசியாவிலிருந்து சூமில் தலை காட்டியதால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம் எனப்பட்டது. வந்தவர் அனைவருக்கும் சான்றிதழ் உண்டு. ஸ்டூல் போட்டு ஏறி சென்சாரைப் பார்த்தவர் எவருமில்லை.

மறுநாள் வந்த சர்வீஸ் பையன் ஏறினான். பழைய பனியன் துணியால் வில்லையை ஒரு துடை துடைத்தான். "சிலந்தி வலை சார். மாசம் ஒருக்கா ஒட்டடை அடிங்க" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனான். அலாரம் அதன்பின் கூவவில்லை. ஆயினும் அவன் கூற்றில் அடிக்குறிப்பு இல்லை. தர எண் பெற்ற இதழ் எதிலும் அது வரவில்லை. யாரையும் அவன் மேற்கோள் காட்டவில்லை, அவனையும் யாரும் காட்டவில்லை. எனவே இவ்வாய்வு அதனை ஏற்பதற்கில்லை. சென்சார் பெட்டிக்குப் பின்னால் அவன் கண்ட இரண்டு பல்லி முட்டைகள் குறித்த இரண்டாம் பகுதிக்கு நல்கை கோரி விண்ணப்பம் போயிருக்கிறது.