ஐந்து சாஸ் அறிந்தவர்

எங்கள் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், கேட்டரிங் முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் ஒருவர் இருப்பார். முன்னங்கையில் கத்தியைப் பச்சை குத்தியிருப்பார். வீட்டு அடுப்பை மட்டும் தொடமாட்டார். பால் பொங்குகிறது என்று அம்மா கொல்லையிலிருந்து கத்தினால், "நான் இப்ப லீவும்மா" என்பார். பால் வழிந்து முடிவதற்குள் பெஷமல், வெலூட்டே, எஸ்பான்யோல், ஹாலண்டேஸ், தக்காளி என்று பிரெஞ்சுக்காரர்களின் ஐந்து மூல சாஸ்களையும் ஒப்பித்துவிடுவார்.

கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பேலன்ஸ் இல்ல" என்று தீர்ப்பு சொல்வார். தவசுப்பிள்ளை காதில் விழாத தூரத்தில்தான் சொல்வார். அந்த அளவுக்கு விவரம் உண்டு.

"சமையல்காரர் வேலைக்குத்தானே போறே?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. "செஃப், மாமா. குக் வேற." இதில் ஆஸ்திரேலியாவே அவர் கட்சி. அங்கே தொழில் வகைப்பாட்டில் செஃப்புக்கு ஒன்று, குக்குக்கு ஒன்று என்று தனித்தனி எண். அப்பாவுக்கு எண் என்றால் வட்டிக்கடை எண் ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

வளைகுடாவுக்கு முயன்றபோது சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று ஊர்வலம் போய் முதுகெல்லாம் முத்திரையோடு திரும்பியது. ஆஸ்திரேலியக் கனவுக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதினார். சொகுசுக் கப்பல் ஆசை வந்ததும், தீயை அணைக்கவும் கடலில் மிதக்கவும் பயிற்சி எடுத்தார். இத்தனை பேர் இத்தனை தாளைப் பார்த்தார்கள். ஒரு அதிகாரியாவது ஒரு ஆம்லெட் போடச் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் கைகொடுத்தது சிங்கப்பூர். 2023 செப்டம்பர் முதல் அங்குள்ள இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்தே சமையல்காரர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்கலாம். மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. அனுமதிக் கடிதத்தில் 'குக்' என்றுதான் இருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்த படத்தில் அந்த இடத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடை. வெள்ளைக்கோட்டோடு உள்ளே போனவரை விருதுநகர்ப் பக்கத்துப் பரோட்டா மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். மாஸ்டர் எட்டாவதைத் தாண்டாதவர். ஆனால் முதலாளியே அவரிடம் 'அண்ணே, டீ குடிச்சீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார்.

"தம்பி, கோட்டைக் கழட்டிட்டு வாங்க. எண்ணெய் படும்."

எண்ணெயில் ஊறிய உருண்டையை உள்ளங்கையால் தட்டி, விளிம்பைப் பிடித்து மாஸ்டர் இரண்டு வீசு வீசினால், பின்னாலிருக்கும் மேசை தெரியும் அளவுக்கு மாவு விரிகிறது. நம்மவர் வீசினார். பாதி மேசையில் விழுந்தது, பாதி முழங்கையில் தொங்கியது. கத்திப் பச்சைக்கு உறை போட்ட மாதிரி இருந்தது.

"கிழிஞ்சா கவலப்படாதீங்க. சுருட்டிட்டா தெரியாது" என்றார் மாஸ்டர். மூன்றாண்டுப் படிப்பில் இப்படி ஒரு பாடத்தை யாரும் நடத்தவில்லை.

இப்போது கை ஓரளவு பழகிவிட்டது. ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்குமா? கூட்டம் குறைந்த ஒரு மதியம், பெரிய வெள்ளைத் தட்டின் ஓரத்தில் பரோட்டாவை முக்கோணமாக நறுக்கி நிறுத்தி, சால்னாவை வடிகட்டிச் சுண்டவைத்து மூன்று சொட்டு வைத்து, மேலே ஒரு புதினா இலையும் சாய்த்து, போட்டோ எடுக்கப் போனை எடுத்தார்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, மீதியை யாரு தின்னது?"