கரையிறங்க அனுமதி உண்டா, ஐயா?

வட அமெரிக்கக் கண்டத்துக்கு நட்டநடு எது என்று 1931இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வடக்கு டகோட்டா மாநிலத்தில் ரக்பி என்ற சிற்றூர் என்று விடை வந்தது. அங்கே கல்லால் ஒரு தூண் கட்டி, மாலை போடாத குறையாக வைத்திருக்கிறார்கள். அந்த ரக்பிக்கு மேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் மினோட். எந்தத் திசையில் ஓடினாலும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கடல் தண்ணீர் கிடையாது. 1943இல் வருங்காலக் கடற்படை அதிகாரிகளுக்குப் பாடம் நடத்த அமெரிக்கக் கடற்படை பொறுக்கியெடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கூத்துக்கு அவர்கள் வந்து சேர நூறு வருடம் பிடித்தது.

முதலில் கடற்படைக்குப் படிப்பு என்றாலே ஆகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இங்கிலீஷில் நம்பிய கூட்டம் அது. பையனைச் சின்ன வயதிலேயே கப்பலில் ஏற்று, கயிற்றைக் கொடு, நாலு திட்டு கொடு, மீதியைக் கடல் கற்றுக்கொடுக்கும். டேவிட் ஃபாரகட் என்பவருக்கு 1810இல் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி, பதவி கிடைத்தபோது வயது ஒன்பது. நம்மூரில் அந்த வயதில் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். அவர் பன்னிரண்டு வயதில், போரில் பிடிபட்ட கப்பல் ஒன்றுக்குத் தலைமையேற்றுத் துறைமுகம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் அட்மிரலும் அவரே. ‘பார்த்தீர்களா, பள்ளிக்கூடம் எதற்கு?’ என்று கிழட்டுக் கேப்டன்கள் மீசையை முறுக்க அந்த ஓர் உதாரணம் போதுமாக இருந்தது. ஃபாரகட் ஆகாமல் போன பையன்களைப் பற்றி யாரும் மீசை முறுக்கவில்லை.

1842இல் ‘சோமர்ஸ்’ என்ற பயிற்சிக் கப்பலில் வந்தது வினை. அதில் பிலிப் ஸ்பென்சர் என்ற மிட்ஷிப்மேன் இருந்தார். இரண்டு கல்லூரிகளில் காலம் தள்ளிவிட்டு வந்தவர். அப்பா அப்போது நாட்டின் போர்த்துறை அமைச்சர். பையனுக்குக் கடற்கொள்ளையர் கதைகள் மீது தீராத பைத்தியம். கலகத்துக்கு யார் உறுதி, யார் சந்தேகம் என்று ஒரு பட்டியல் எழுதிவைத்திருந்தார். அதுவும் கிரேக்க எழுத்தில். கல்லூரிப் படிப்பு கப்பலில் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும். கேப்டன் மெக்கன்சி வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. முறையான ராணுவ நீதிமன்றம் இல்லாமலே டிசம்பர் 1 அன்று ஸ்பென்சரையும் வேறு இரண்டு மாலுமிகளையும் தூக்கில் போட்டார். இரண்டு வாரத்தில் கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்துவிட்டது. அதுவரை விலங்கு மாட்டி வைத்திருக்க முடியாதா என்று நாடே கேட்டது. கேப்டனை விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். ஆனால் விடலைகளைக் கப்பலில் ஏற்றிவிட்டால் கடல் பார்த்துக்கொள்ளும் என்று அதற்குமேல் யாரும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த நேரத்தில் வந்தார் ஒரு வாத்தியார். ஜார்ஜ் பான்கிராஃப்ட். ஹார்வர்டில் படித்து, ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கி, சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தி, வரலாறு எழுதிக்கொண்டிருந்தவர். கடலோடு அவருக்கு இருந்த உறவு, கப்பலில் பயணியாகப் போய் வந்த அளவுதான். 1845இல் அவரைக் கடற்படைச் செயலாளர் ஆக்கினார்கள். கடற்படைக்குப் பள்ளி வேண்டும் என்ற மசோதா நாடாளுமன்றத்துக்குப் போவதும் விழுவதும் அதுவரை வழக்கமாக இருந்தது. பான்கிராஃப்ட் மசோதாவே போடவில்லை. பள்ளிக்கூடம் நடத்தியவருக்கு, ‘செய்யலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் பதில் வரும் என்பது தெரியாதா?

மூத்த அதிகாரிகளை அழைத்து, பள்ளி தேவையா என்று கேட்காமல், எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்காமல் மண்டபம் எது என்று கேட்கும் மாமாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அன்னாபோலிஸில் இருந்த செவர்ன் கோட்டையை அவர்களே கைகாட்டினார்கள். ராணுவத்துக்குப் பெரிதாகப் பயன்படாத பழைய கோட்டை. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பளத்துக்குப் பணம்? கப்பல்களில் பாடம் சொல்ல நியமித்திருந்த ஆசிரியர்களில் பெரும்பாலோரை, ‘உத்தரவு வரும்வரை காத்திருக்கவும்’ என்று சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்காரவைத்தார். அவர்கள் வயிற்றெரிச்சலில் மிச்சமான காசில், 1845 அக்டோபர் 10 அன்று ஏழு ஆசிரியர், ஐம்பது மாணவர்களோடு பள்ளி திறந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது பிள்ளைகள் ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இனி எழுப்பவா முடியும்?

அந்தப் பள்ளியின் முதல் தலைவர் ஃபிராங்க்ளின் புக்கானன். உள்நாட்டுப் போர் வந்ததும் எதிரணிக்குப் போய், 1862இல் இதே கடற்படையின் இரண்டு போர்க்கப்பல்களை ஒழித்துக்கட்டினார். அதில் ஒன்றின் பெயர் ‘காங்கிரஸ்’. பாடத்திட்டத்தில் என்ன இருந்ததோ!

பிறகு எண்பது வருடம், அதிகாரி என்றால் அன்னாபோலிஸ் என்றே வண்டி ஓடியது. 1926இல்தான் ஹார்வர்ட், யேல், நார்த்வெஸ்டர்ன், ஜார்ஜியா டெக், வாஷிங்டன், கலிஃபோர்னியா ஆகிய ஆறு பல்கலைக்கழகங்களில் கடற்படைப் பாடம் நடத்தும் ஏற்பாடு வந்தது. பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியாவுக்குப் பேராசிரியராகப் போனவர் செஸ்டர் நிமிட்ஸ். உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே அன்னாபோலிஸுக்குப் போனவர். 1908இல் பிலிப்பைன்ஸ் பக்கம் ‘டெக்கேட்டர்’ என்ற போர்க்கப்பலைச் சேற்றுத் திட்டில் கொண்டுபோய்ச் சொருகி, ராணுவ நீதிமன்றத்தில் நின்று, கண்டனக் கடிதமும் வாங்கியவர். ஆழம் தெரியாமல் கப்பலை விட்டால் என்ன ஆகும் என்று பாடம் சொல்ல இதைவிடத் தகுதி வேண்டுமா? மூன்று வருடம் பெர்க்லியில் பேராசிரியர். அதற்குப் பிறகு பசிபிக் போரில் ஜப்பானை வென்ற படைத்தலைவர். வரிசை அதுதான், குழம்ப வேண்டாம்.

இனி மினோட்டுக்கு வருவோம். 1942 கடைசியில் கட்டாய ராணுவ சேவையின் வயது பதினெட்டாக இறங்கியது. கல்லூரிகள் காலியாயின. பெஞ்சு இருந்தது, பையன் இல்லை. கடற்படையிடம் கப்பல் குவிந்தது, நடத்த அதிகாரி இல்லை. இரண்டு தரப்பும் கைகோத்ததில் பிறந்தது வி-12 திட்டம். 1943 ஜூலை 1 அன்று தொடங்கியது. 131 கல்லூரிகள், மொத்தத்தில் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர். மாதம் ஐம்பது டாலர் சம்பளம், கடற்படைச் சீருடை, வாரத்துக்கு ஒன்பதரை மணி நேர உடற்பயிற்சி. கணக்கும் பௌதிகமும் தனி.

கப்பல் இல்லாத குறையை மொழியால் தீர்த்தார்கள். விடுதியின் தரை இனி ‘டெக்’. சுவர் ‘பல்க்ஹெட்’. மாடிப்படி ‘லேடர்’, அதாவது ஏணி. கல்லூரி வாசலைத் தாண்டிக் கடைக்குப் போனால் அதற்குப் பெயர் ‘கரையிறங்குதல்’. கோதுமை வயலுக்கு நடுவே, வாசல் கேட்டில் விறைப்பாக நின்று, கரையிறங்க அனுமதி கேட்கும் பதினெட்டு வயதுப் பையனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவன் கண்ட பெரிய நீர்நிலை ஊர்க்குளமாக இருந்திருக்கலாம்.

அமெரிக்கக் கால்பந்துப் பித்தர்களுக்கு வேறொரு விருந்து. கடற்படை பையன்களைக் கல்லூரி மாற்றிப் போட்டதில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர்கள் சிலர் பக்கத்திலிருந்த சவுத்வெஸ்டர்ன் என்ற குட்டிக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1943இல் அந்தக் குட்டிக் கல்லூரி டெக்சாஸையே 14-7 என்று சாய்த்தது. கட்சித் தாவலின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடிகர் ஜாக் லெமன் ஹார்வர்டில் இந்தத் திட்டத்தில் இருந்தார். ராபர்ட் கென்னடியும் சேர்ந்து, அதிகாரி ஆகாமலே விலகி, போரில் இறந்த தன் அண்ணன் பெயர் தாங்கிய கப்பலில் சாதாரண மாலுமியாகப் போனார். லாஸ் ஏஞ்சலிஸில் படித்த சாமுவேல் கிரேவ்லி 1944 டிசம்பரில் அதிகாரி ஆனார். 1971இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அட்மிரலும் ஆனார். கேலிக்கு இடம் கொடுக்காத மனிதர், அவரைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

இந்தியானாவில் இருக்கும் நோட்ரே டேம் பல்கலைக்கழகமும் கடற்படைப் பையன்கள் வந்ததால்தான் போர்க்காலத்தைத் தாக்குப்பிடித்தது. அங்கும் கடல் கிடையாது. காப்பாற்றியவர்களை மறக்கக் கூடாது, எத்தனை காலம் ஆனாலும் வருடம் தவறாமல் கடற்படையோடு கால்பந்து ஆடுவோம் என்று அவர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். சொன்ன சொல் தவறவில்லை. அதில் 1964 முதல் 2006 வரை மட்டும் 43 ஆட்டம். நாற்பத்து மூன்றிலும் கடற்படை தோற்றது.